ஊர் மருத்துவ மையத்துக்கு எத்தனை எம்பிபிஎஸ் இணைய வேகம் வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிப்பவர்களுக்கும் புரியும். காரைக்குடிக்குக் கிழக்கே புதுவயல் பக்கம் உங்கள் ஊர். பூட்டிக் கிடக்கும் பங்காளி வீடு ஒன்றின் முன்பகுதியில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சிறு மருத்துவ மையம் வைக்கப் போகிறீர்கள். ஒரு செவிலியர் அங்கேயே இருப்பார். மதுரையிலிருந்து மருத்துவர் வாரம் மூன்று நாள் வீடியோவில் பார்ப்பார். அப்புறம் சுற்றியுள்ள ஐந்து ஊர்களையும் இதோடு இணைக்க ஆசை. "நூறு எம்பிபிஎஸ் பைபர் போதுமா, இல்லை சாட்டிலைட்டுக்குப் போக வேண்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். எழுதியது வேகத்தைப் பற்றி; இங்கே எம்பிபிஎஸ் என்பது டாக்டர் பட்டம் அல்ல, நொடிக்கு எத்தனை மெகாபிட் போகிறது என்ற இணைய வேக அளவு. ஆனால் மனதில் இருக்கும் கவலை வேறு என்று தோன்றுகிறது: மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது லைன் போய்விட்டால் என்ன செய்வது? இந்த இரண்டுக்கும் விடை ஒன்றல்ல. முதலாவதற்கு இரண்டே வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளம்.

நான் தொலைத்தொடர்பு வேலையில் முப்பது வருடம் இருந்தவன். பாதிக் காலம் செம்புக் கம்பி, பாதிக் காலம் பைபர், அதாவது ஒளி ஓடும் கண்ணாடி இழை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சில சிறு மருத்துவமனைகளுக்கு லைன் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். மருத்துவம் என் துறை இல்லை. எந்த நோயை வீடியோவில் பார்க்கலாம், எதை உடனே வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பது உங்கள் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. அதில் நான் வாய் திறக்கவில்லை.

வேகம்: தெளிவான வீடியோ பேச்சு ஒன்றுக்குப் போக ஒன்றரை முதல் இரண்டு எம்பிபிஎஸ், வர அதே அளவு. வெறும் குரலுக்கு நூறு கேபிபிஎஸ்கூட, அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குகூட, அதிகம். இசிஜி தாள் ஒன்று சில நூறு கிலோபைட்தான். கண் விழித்திரைப் படம் சில மெகாபைட். மார்பு எக்ஸ்ரே பத்து, இருபது மெகாபைட் வரும். சிடி ஸ்கேன்தான் பெரிது: ஒரு துண்டுப் படம் அரை மெகாபைட், முந்நூறு துண்டு என்றால் நூற்றைம்பது மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்; மேலே பத்து எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றினால் அதுவும் இரண்டு நிமிடத்தில் போய்விடும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு அறையில் ஆலோசனை நடந்தாலும், மேல்நோக்கி நிலையாகப் பத்து எம்பிபிஎஸ் கிடைத்தால் உங்கள் மையத்துக்குத் தாராளம். இது உறுதியாகச் சொல்லக்கூடியது. கவனியுங்கள், நான் சொல்வது மேல்நோக்கி, அதாவது அப்லோடு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது டவுன்லோடு. சினிமா பார்ப்பவருக்கு அது போதும். ஆனால் இங்கே நோயாளியின் முகம், நாக்கு, காலில் உள்ள புண் எல்லாம் உங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போக வேண்டும். 4ஜி டாங்கிளை நம்பிய பல இடங்களில் சறுக்கியது இங்கேதான்.

இனி லைன் அறுகிற கதை. சில வருடம் முன்பு ஒரு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். வேகம் சோதித்தால் தொண்ணூற்று நான்கு காட்டுகிறது, ஆனால் தினமும் காலை பதினொரு மணிக்கு மருத்துவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வெட்டி வெட்டி வருகிறது என்றார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கணக்குப் பிள்ளையின் கம்ப்யூட்டர் பதினொரு மணிக்கு முந்தைய நாள் கோப்புகளை வெளியே ஏற்றிக்கொண்டிருந்தது. கூடவே நான்கு சிசிடிவி கேமராக்களும். நம் ஊர்க் கல்யாணத்தில் சீர் சாமான் இறக்குகிற நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பித்தளை அண்டாவும் பீரோவும் வரிசையில் நிற்கும்போது, அவசரமாக வந்த ஆளும் பின்னால் நிற்க வேண்டியதுதான். வாசல் அகலமா குறுகலா என்பது அப்போது பெரிய விஷயமில்லை, யாரை முதலில் விடுவது என்பதுதான் விஷயம். லைனை எல்லாக் கருவிகளுக்கும் பங்கிடும் பெட்டியான ரவுட்டருக்குள்ளும் இதே வரிசை உண்டு. பெரிய கோப்புகள் அந்த வரிசையை நிரப்பிவிட்டால் குரலைச் சுமந்து போகும் சிறு துண்டுகள், பாக்கெட் என்போம், அரை நொடி, ஒரு நொடி பின்தங்கும்.

இதற்கு மருந்து எளிது. வரிசையை ஒழுங்கு செய்யும் வசதி உள்ள ரவுட்டரை வாங்குங்கள். எஃப்க்யூ கோடல், கேக் என்று இரண்டு முறைகள் உண்டு, அதில் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். லைனின் உண்மையான அப்லோடு வேகத்தை அளந்து, அதில் தொண்ணூறு சதவீதத்தில் ரவுட்டரைக் கட்டுப்படுத்தி வையுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்கும். கம்பெனிக்காரர் பெட்டியில் போய்த் தேங்காது. கேமரா, கோப்புச் சேமிப்பு எல்லாம் இரவு ஒன்பதுக்கு மேல். இதைச் செய்யாமல் நூறை முந்நூறாக்கினால் மாதக் கட்டணம் கூடும், குரல் அதே கிணற்றில்தான் இருக்கும். ஒரு வழிக்கு 150 மில்லிநொடிக்குள் தாமதம் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற பன்னாட்டு அமைப்பு வெகுகாலமாகச் சொல்லிவரும் அளவு. காரைக்குடிக்கும் மதுரைக்கும் நடுவே பைபரில் அதில் கால் பங்குகூட ஆகக்கூடாது.

பைபர் என்றதும் உங்கள் ஊருக்கு வருவது பெரும்பாலும் ஜிபான் வகைதான். ஒரு மைய இயந்திரத்திலிருந்து ஒரு இழை கிளம்பி, வழியில் ஸ்பிளிட்டர் பெட்டியில் முப்பத்திரண்டு வீடுகளுக்குப் பிரியும். மொத்தமாகக் கீழ்நோக்கி 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி 1.25 ஜிகாபிட். முப்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தாலும் ஒருவருக்கு மேல்நோக்கி நாற்பதுக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும். ஆகவே உங்கள் தெருவில் நெரிசல் வராது. வந்தால் அது கம்பெனிக்காரர் வெளி இணையத்துக்கு வாங்கியிருக்கும் பாதையில்தான். வெளிச்சத்துக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. வழியில் வெளிச்சம் எவ்வளவு தேய்கிறது என்பதை டெசிபலில் அளப்போம்; வழக்கமான கருவிகளில் 28 டெசிபல் வரை இழக்கலாம். ஸ்பிளிட்டரே பதினேழு சாப்பிட்டுவிடும். பத்துக் கிலோமீட்டர் இழைக்கு மூன்றரை, இணைப்புகளுக்கும் ஒட்டுகளுக்கும் இரண்டு மூன்று. மிச்சம் நாலைந்து டெசிபல்தான் கையிருப்பு. மழையில் நனைந்த ஒரு ஒட்டு, எறும்பு கூடு கட்டிய ஒரு பெட்டி, ஆணியில் மடித்து மாட்டிய ஒரு வயர் போதும், அதைத் தின்றுவிட. இணைப்புக் கொடுக்க வரும் பையனிடம், வந்து சேரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு. மைனஸ் இருபது, இருபத்திரண்டு என்றால் நல்லது. மைனஸ் இருபத்தாறு காட்டிவிட்டு "விளக்கு எரியுதே சார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐப்பசி மழையில் அந்த விளக்கு சிவப்பாகிவிடும்.

ஊராட்சி அலுவலகத்தில் அரசு பைபர் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2011-இல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்று ஆரம்பித்து பிறகு பாரத்நெட் ஆன திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஒரு ஜிகாபிட் கொண்டுசேர்ப்பது இலக்கு. பெட்டி மாட்டியிருப்பது வேறு, அதில் வெளிச்சம் ஓடுவது வேறு. போய் விளக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது மிக முக்கியமான இடம். ஒரே லைனை நம்பி மருத்துவ மையம் வைக்காதீர்கள். மாதத்தில் 99 சதவீதம் வேலை செய்யும் லைன் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மாதம் ஏழு மணி நேரம் படுத்திருக்கும் லைன். அந்த ஏழு மணி நேரம் ஒரே நாளில் வந்தால் மருத்துவரின் ஒரு முழு நாள் போச்சு. பணம் இருக்கிறது என்று உங்களுக்கென்றே ஒதுக்கித் தரும், விலை கூடிய லீஸ்டு லைன் ஒன்றை வாங்கலாம் என்பார்கள். அதில் எழுதித் தருகிற உறுதி பெரும்பாலும், பழுது நீடித்தால் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்பதுதான். ஆச்சிக்கு அந்தக் கழிவால் என்ன பயன்? அதைவிட இரண்டு சாதாரண லைன்கள், வேறு வேறு வழியில் வருவது மேல்: ஒன்று பைபர், மற்றொன்று வேறு கம்பெனியின் 4ஜி அல்லது 5ஜி, மாடியில் வெளிப்புற ஆன்டெனாவோடு. ஒன்று போனால் மற்றதுக்குத் தானாக மாறும் ரவுட்டர் இன்று சாதாரண விலையில் கிடைக்கிறது.

வேறு வேறு வழி என்பதை அழுத்திச் சொல்கிறேன், நானே சூடுபட்டவன். ஒரு இடத்துக்கு இரண்டு கம்பெனிகளிடம் பைபர் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு மத்தியானம் சாலை அகலப்படுத்த வந்த ஜேசிபி ஒரே வாளியில் இரண்டையும் அள்ளிவிட்டது. இரண்டும் ஒரே பள்ளத்தில் படுத்திருந்தன. மூன்றாவது கம்பெனியின் செல்போன் கோபுரமும் சேர்ந்து ஊமையானது, ஏனென்றால் கோபுரத்துக்குப் போன இழையும் அதே பள்ளம். நம் பக்கம் செம்பாறை மண்; தோண்டச் செலவு அதிகம் என்று எல்லாரும் ஒரே பள்ளத்தையோ ஒரே மின்கம்பத்தையோ பிடித்துக்கொள்வார்கள். கம்பத்தில் போனால் இன்னொன்று: தேரோட்டம். உங்கள் வீடு தேர் ஓடும் வீதியில் இருந்தால், குறுக்கே போகும் வயர் எல்லாவற்றையும் அன்று கழற்றுவார்கள், திரும்பக் கட்டுவது அவரவர் சௌகரியம். உங்கள் லைன் எந்தக் கம்பம், எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கேட்டு ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். லைன் விற்பவருக்கு அந்தத் தாள் பிடிக்காது, பரவாயில்லை.

மின்சாரத்தை யாரும் நெட்வொர்க்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். தேனி பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் சிறு கண் மையங்களை நீண்ட தூர வைஃபையில் இணைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு அதை அமைத்துக் கொடுத்தது. அவர்கள் பிறகு எழுதியதில் நான் மறக்காதது ஒன்று: அலைவரிசைச் சிக்கலைவிட அவர்களை அதிகம் படுத்தியது தாறுமாறான மின்சாரம். ஏற்ற இறக்கத்தில் கருவிகள் எரிந்தன, பாதியில் மின்சாரம் போய்க் கோப்புகள் கெட்டன. உங்களுக்கு பைபர் பெட்டி, ரவுட்டர், 4ஜி பெட்டி மூன்றும் சேர்ந்தால் முப்பது வாட்தான். எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. 12 வோல்ட், 30 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று அதைத் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்; இன்வெர்ட்டரில் யாராவது மிக்சியைப் போடுவார்கள். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே போதும்.

இடிக்கு இரண்டு விதி. நல்ல எர்த் பைப், வருடம் ஒருமுறை கோடையில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்ப்பது; நம் காய்ந்த மண்ணில் எர்த் பிடிப்பது கஷ்டம். அடுத்தது, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கம்பி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தாலே அந்தக் கம்பி வழியாக இரண்டு பக்கப் பெட்டியும் போய்விடும். இருபது அடியானாலும் பைபரே இழுங்கள். அது கண்ணாடி, மின்சாரம் ஏறாது. உலோகம் கலக்காத கேபிளா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அந்த வீடு. வெளியூர் இன்ஜினியர்கள் நம் வீடுகளில் தோற்றுப்போவதை நான் ரசித்துப் பார்த்ததுண்டு. முகப்பில் ரவுட்டரை மாட்டுவார்கள், உள் முற்றத்தைச் சுற்றிய வளவில் ஒரு கோடு சிக்னல், அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒன்றுமே இல்லை. ஒன்றரை அடி, இரண்டடிச் செங்கல் சுண்ணாம்புச் சுவர், இரும்பு உத்தரம், பர்மாத் தேக்குக் கதவு. வைஃபை அங்கே என்ன செய்யும்? அறைக்கு அறை வயர் இழுங்கள். ஆலோசனைக் கம்ப்யூட்டர் வைஃபையில் இருக்கவே கூடாது. ஆத்தங்குடித் தரைக் கல்லையும் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சையும் துளைக்க வேண்டாம். வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தின் கைமரத்தை ஒட்டிக் கொண்டுபோனால் வெளியே தெரியாது. ஆலோசனையை வளவில் வைக்காதீர்கள். மெருகேற்றிய சுவரும் கல் தரையும் சேர்ந்து குரல் எதிரொலிக்கும். லைன் சரியில்லை என்று மருத்துவர் சொல்வார், நீங்கள் எங்களைத் திட்டுவீர்கள். பக்கத்து அறை ஒன்றில் இரண்டு கோரைப்பாய் தொங்கவிட்டாலே பாதி எதிரொலி அடங்கும். நோயாளியின் முதுகுக்குப் பின்னால் வெளிச்சமான முற்றம் இருந்தால் கேமராவில் முகம் கறுத்துவிடும், கண்ணிமையின் வெளிறலை மருத்துவரால் பார்க்க முடியாது. வெளிச்சம் முகத்தில் விழ உட்கார வையுங்கள். திண்ணையை ஒட்டிய அறையும் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு எந்தப் பாஸ்வேர்டும் போட முடியாது.

ஐந்து ஊர்களை இணைப்பது. கோபுரம் நட்டுச் சொந்தமாக வயர்லெஸ் போடும் ஆசை எழும். எனக்கும் அந்த ஆசை இருந்த காலம் உண்டு. 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஐந்து கிலோமீட்டர் இணைப்புக்கு, நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி எட்டு மீட்டர் ஆரத்துக்கு அலை விரிந்து போகும். அதில் அறுபது சதவீதமாவது மறைப்பின்றி இருக்க வேண்டும். கண்மாய்க் கரையும் பனையும் அதில் தலையை நீட்டும். சீமைக்கருவேலம் நீங்கள் அளந்த பிறகும் வளரும். கோபுரத்தில் ஏறிப் பழுது பார்க்க ஆள் யார்? ஐந்து ஊரிலும் தனித்தனியாக ஒரு சாதாரண இணைப்பு வாங்கி, மருத்துவரோடு நேரே பேச விடுவதுதான் என் யோசனை. உங்கள் வீட்டு வழியாக எல்லாம் போனால், உங்கள் லைன் விழும்போது ஆறு ஊரும் விழும். நிலையான இணைப்பே இல்லாத ஊருக்கு மட்டும் வயர்லெஸ். சாட்டிலைட் பற்றிக் கேட்டீர்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்து வகையில் போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல். மருத்துவரும் நோயாளியும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். படம் அனுப்ப ஆகும், பேச ஆகாது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புது வகையில் அந்தத் தாமதம் இல்லை. ஆனாலும் பைபர் வருகிற ஊருக்கு அது முதல் லைனாக வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் ஒருநாள் லைன் தேயும். அப்போது முதலில் வீடியோ போக வேண்டும், குரல் கடைசி வரை நிற்க வேண்டும். ரவுட்டரில் முன்னுரிமை அப்படித்தான் வையுங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நடைமுறை விதிகள் வீடியோ, குரல், எழுத்து மூன்றையும் ஒப்புக்கொள்கின்றன. சில மருந்துகளை எழுத முதல் ஆலோசனை வீடியோவில் இருக்க வேண்டும், சிலவற்றை இவ்வழியில் எழுதவே கூடாது. அந்தப் பட்டியல் உங்கள் மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். செவிலியர் மேசையில் சாதாரண போன் ஒன்றும், மருத்துவர் எண் எழுதிய அட்டையும் இருக்கட்டும். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி 2019-லிருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை. சொந்தமாக ஆப் செய்து தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் அதைப் பற்றிக் கேளுங்கள்.

இதுவரை சொன்னது கணக்கும் பட்ட அனுபவமும். இனி வருவது ஊகம். உங்கள் ஊரில் பழுது பார்க்க எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்பதை எந்த ஒப்பந்தமும் காட்டாது. அதே லைன் வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரரிடம் போன மழையில் எத்தனை நாள் லைன் இல்லை என்று கேட்டால் ஓரளவு தெரியும். ஊர் ஓரத்தில் 5ஜி எப்படி இருக்கும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். மக்கள் வருவார்களா என்பதும் லைனைப் பொறுத்ததல்ல என்று நினைக்கிறேன். கூட்டம் சேர்ந்த இடங்களில் எல்லாம் செவிலியர் அந்த ஊர்ப் பெண்ணாக இருந்தார். மருத்துவர் பக்கத்து லைனை யாரும் சோதிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு வாரம் இங்கே தேடிவிட்டு, கடைசியில் பழுது அவர் வீட்டு மாடியறை வைஃபையில் இருந்தது.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் லைனிலிருந்தும், இரண்டு கம்பெனி சிம்களிலிருந்தும், மருத்துவர் இருக்கும் இடத்துக்கு இரண்டு வாரம் பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓட விட்டு எழுதி வையுங்கள். காலை பதினொன்று, மாலை ஏழு, முடிந்தால் ஒரு மழை நாள். அப்லோடு வேகமும் அதே நேரங்களில். கம்ப வரைபடத்தையும் அந்த எண்களையும் இங்கே போட்டால், எந்த சிம், எந்தப் பக்கம் ஆன்டெனா என்று சொல்கிறேன்.